தார்ச் சாலையும் தொழிலாளர் உயிரும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



கூரைக் கொட்டகை ஒன்றில் மாலை வகுப்பாகத் தொடங்கிய இச்சங்கம், இன்று தன் வெள்ளி விழாவைக் கொண்டாடுகிறது. இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் இச்சங்கத்தின் துணையால் பட்டம் பெற்றோர் பலர். ஆசிரியர்களாகவும், செவிலியர்களாகவும், அரசு அலுவலர்களாகவும் விளங்குவோர் பலர். அவர்களைப் பாராட்டி மகிழ்வது நம் கடமை. அவர்களுடைய தேர்வுக் கட்டணம் எந்தக் கூலியிலிருந்து வந்தது என்பதை எண்ணிப் பார்ப்பதும் நம் கடமையே. சில வீடுகளில் அது வயல் வேலையிலிருந்து வந்தது. சில வீடுகளில் செங்கற் சூளையிலிருந்து வந்தது. இங்கு அமர்ந்திருக்கும் எத்தனையோ வீடுகளில் அது தார்ச் சாலை போடும் வேலையிலிருந்து வந்தது.

ஆகவேதான், ‘கல்வியின் சிறப்பு’ என்பது போன்ற பொதுத் தலைப்பை விடுத்து, தார்ச் சாலைத் தொழிலாளரின் பாதுகாப்பு என்னும் பொருளை இன்று எடுத்துக்கொண்டோம். கல்விச் சங்கத்தின் மேடையில் தாரையும் ஜல்லியையும் பற்றிப் பேசுவதா என்று சிலர் ஐயுறலாம். இவ்வுரை முடிவதற்குள் அவ்வையம் நீங்கும் என நம்புகிறோம்.

சாலையும் நாமும்

நம் சமுதாயத்தின் வரலாற்றில் சாலைக்குத் தனி இடம் உண்டு. பொதுத் தெருவில் நடப்பதற்கே உரிமை மறுக்கப்பட்டிருந்த காலம் ஒன்று இருந்தது. 1924ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம் ஆகியவற்றைப் பயன்படுத்த எவர்க்கும் தடை கூடாது என்பதே அதன் சாரம். அத்தீர்மானம் நிறைவேறி, அரசாணையாகவும் வெளிவந்தது. அதே ஆண்டில்தான் வைக்கத்தில், கோயிலைச் சுற்றிய சாலைகளில் நடக்கும் உரிமைக்காக அறப்போர் தொடங்கியது.

நூறாண்டுகள் கடந்துவிட்டன. இன்று அச்சாலைகளில் நாம் நடக்கிறோம். ஆனால் அச்சாலைகளை அமைக்கும் வேலையில், கொதிக்கும் தாரின் அருகில் நிற்போர் யார்? பெரும்பாலும் நம் உறவினர்களும், நம்மைப் போன்றே நிலமற்ற ஏழைகளும், அண்மைக் காலமாகப் பீகார், ஒடிசா, மேற்கு வங்கம் முதலிய மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வரும் தோழர்களும் ஆவர். சாலையில் நடக்கும் உரிமையை நம் முன்னோர் பெற்றுத் தந்தனர். சாலையைப் போடச் சென்றவர் மாலையில் முழு உடலோடு வீடு திரும்பும் உரிமையை நிலைநாட்டுவது நம் தலைமுறையின் வேலையாகும்.

தார் என்பது யாது?

ஒரு பொருளின் இயல்பை அறியாமல் அதனிடமிருந்து நம்மைக் காத்துக்கொள்ள இயலாது. நாம் ‘தார்’ என்னும் ஒரே சொல்லால் குறிப்பவை உண்மையில் இரு பொருள்கள். ஒன்று, நிலக்கரியிலிருந்து பெறப்படும் கரித்தார். மற்றொன்று, கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது அடியில் தங்கும் ‘பிட்டுமென்’. சென்னையை அடுத்த மணலியிலுள்ள சுத்திகரிப்பு ஆலையில் ஆக்கப்படுவது இவ்விரண்டாம் வகையே. இன்று நம் சாலைகளில் ஊற்றப்படுவதும் இதுவே.

இவ்விரண்டனுள் கரித்தார் மிகக் கொடியது. 1775ஆம் ஆண்டிலேயே இலண்டன் நகர அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் என்பவர், புகைபோக்கி துடைக்கும் தொழிலாளரிடம் காணப்பட்ட புற்றுநோய்க்கு நிலக்கரிப் புகையின் கரியே காரணம் எனக் கண்டு எழுதினார். தொழிலால் புற்றுநோய் வரும் என்பதை உலகுக்கு முதன்முதல் உணர்த்திய செய்தி அது. அந்நோய்க்கு ஆளானவர்கள் சிறு வயதிலேயே புகைபோக்கிக்குள் ஏற்றிவிடப்பட்ட ஏழைச் சிறுவர்கள் என்பதை நாம் மறக்கலாகாது.

பிட்டுமென் அந்த அளவு கொடியதன்று. எனினும் தீங்கற்றதும் அன்று. உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, 2011ஆம் ஆண்டு கூடி ஆராய்ந்து, சாலை அமைக்கும்போது எழும் பிட்டுமென் புகையைப் ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்னும் வகையில் சேர்த்தது. எனவே அஞ்சி ஓடவும் வேண்டா. அலட்சியம் செய்யவும் வேண்டா. அறிந்து நடக்க வேண்டும்.

சுடும் தார்

சாலைத் தொழிலில் உடனடியாக உயிரைக் குலைக்கும் தீமை வெப்பமே ஆகும். நம் நாட்டுச் சாலைகளில் பெரிதும் பயன்படும் வி.ஜி. 30 என்னும் வகைத் தார், ஜல்லியுடன் கலக்கப்படும்போது ஏறத்தாழ 150 முதல் 165 பாகை வெப்பத்தில் இருக்கும். நீர் கொதிப்பது 100 பாகையில். ஆக, தார்க் கலவை கொதிநீரைவிட மிகுதியும் சூடானது. மேலும், கொதிநீர் பட்டால் வழிந்து ஓடிவிடும். தார் ஒட்டிக்கொண்டு, தன் சூட்டையெல்லாம் தோலுக்குள் செலுத்தும்.

இங்கே மாணவர்கள் ஓர் அறிவியல் உண்மையை நினைவில் கொள்ள வேண்டும். நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,600 மடங்கு பெருக்கம் அடைகிறது. ஒரு குவளை நீர் கொதிக்கும் தாரில் விழுந்தால், அது நொடிப்பொழுதில் ஆவியாகி, தாரை நுரைக்கச் செய்து, பாய்லரின் வாய்க்கு மேலே பொங்கி வழியச் செய்யும். மழையில் நனைந்த பீப்பாய், ஈர ஜல்லி, முதல் நாள் மூடாமல் விட்ட பாய்லர் ஆகிய மூன்றும் இவ்வகை விபத்துக்கு வழி வகுக்கும். தார் தீப்பற்றினாலும் அதன்மேல் நீர் ஊற்றுதல் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். உலர்ந்த மணலோ, தூள் தெளிக்கும் தீயணைப்பானோதான் அங்கே உதவும்.

2016ஆம் ஆண்டின் கோடையில் நடந்த ஒன்றைக் கூறுவோம். எம் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, கல்லூரிக் கட்டணத்துக்காகச் சாலை வேலைக்குச் சென்றிருந்தார் ஒரு மாணவர். வயது பதினெட்டு நிறைந்திருந்தது. முன்னிரவு கோடை மழை பெய்திருந்தது. நீர் தேங்கியிருந்த தார் பீப்பாயை மேஸ்திரி சொன்னபடி பாய்லரில் கவிழ்த்தபோது, தார் பொங்கி அவருடைய முன்கையில் வழிந்தது. உடனிருந்தோர் நல்லெண்ணத்துடன்தான் உதவினர். ஆனால் மண்ணெண்ணெய்த் துணியால் தாரைத் துடைத்து உரித்தனர். தாரோடு தோலும் வந்துவிட்டது. பல வாரங்கள் மருத்துவமனையில் கிடந்தார். இழப்பீடு கேட்டுச் சென்ற தந்தையிடம், “உங்கள் பையன் பெயர் எங்கள் மஸ்டர் ரோலில் இல்லையே” என்று ஒப்பந்தக்காரர் கையை விரித்துவிட்டார். அம்மாணவர் கல்லூரியில் சேர்ந்தது அடுத்த ஆண்டில்தான்.

இந்நிகழ்ச்சியை எண்ணிப் பாருங்கள். நீர் பட்டால் தார் பொங்கும் என்பது தெரிந்திருக்கவில்லை. ஒட்டிய தாரை உரிக்கலாகாது என்பதும் தெரிந்திருக்கவில்லை. பதிவேட்டில் பெயர் உள்ளதா என்று பார்க்கவும் எவரும் இல்லை. இம்மூன்றும் கல்வி தரக்கூடியவை. அக்கல்வி அந்தச் சாலையோரத்துக்குச் சென்று சேரவில்லை. ஒப்பந்தக்காரரின் பொறுப்பை இது குறைக்காது. ஆனால் நாம் செய்யக்கூடிய பணி எதுவென்பதை இது காட்டுகிறது.

தார் பட்டுவிட்டால் செய்ய வேண்டியவற்றை அனைவரும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். உடனே தூய குளிர்ந்த நீரை அவ்விடத்தில் தொடர்ந்து ஊற்ற வேண்டும். குறைந்தது 20 நிமிடங்கள் ஊற்ற வேண்டும், பனிக்கட்டி வைக்கலாகாது. ஒட்டிய தாரை உரிக்கலாகாது. ஆறிய தார் அடியிலுள்ள புண்ணுக்கு ஒரு மூடியாக இருக்கும். அதை நீக்குவது மருத்துவரின் வேலை. மண்ணெண்ணெய், டீசல், பெட்ரோல், பற்பசை, மை ஆகிய எதனையும் தடவக்கூடாது. வளையல், மோதிரம், மெட்டி ஆகியவற்றை வீக்கம் வருமுன் கழற்றிவிட வேண்டும். அவை தாரோடு ஒட்டியிருந்தால் இழுக்காமல் மருத்துவரிடம் விட்டுவிட வேண்டும். விரலையோ கையையோ தார் வளையம்போல் சுற்றி இறுகியிருந்தால், இரத்த ஓட்டம் தடைப்படக்கூடும். அதனை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். கண்ணில் பட்டால் நீரால் கழுவிக்கொண்டே 108 வண்டியை அழைக்க வேண்டும். இதன்பொருட்டு வேலையிடத்தில் எப்போதும் ஒரு பீப்பாய் நல்ல நீர் தனியே இருத்தல் வேண்டும். கலவை குழைக்கவும், ரோலர் சக்கரத்தை நனைக்கவும் வைத்திருக்கும் அழுக்கு நீர் இதற்கு உதவாது.

புகையும் தூசியும்

புகை மெல்லக் கொல்வது. கண் எரிச்சல், இருமல், தலைவலி ஆகியவை அதன் முதல் அறிகுறிகள். தார் அளவுக்கு மீறிச் சூடாக்கப்படும்போது புகையும் பெருகுகிறது. எனவே பாய்லரில் வெப்பமானி பொருத்தி அதைப் பார்த்து எரிப்பது, தாரைக் காப்பதோடு தொழிலாளியின் நுரையீரலையும் காக்கும். காற்று வீசும் திசையை அறிந்து, புகை தம்மீது படாத பக்கத்தில் நிற்பது காசு செலவில்லாத காப்பு. மூடிய தார்த் தொட்டியின் மேல்வாயைத் திறப்பவர், முகத்தை அதன்மேல் கொண்டுசெல்லலாகாது. அங்கே ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு தேங்கியிருக்கக்கூடும்.

நம் நாட்டில் பிளாஸ்டிக் கழிவைச் சூடான ஜல்லியின்மேல் பூசிச் சாலை அமைக்கும் முறையும் பரவியுள்ளது. மதுரை தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் இராஜகோபாலன் வாசுதேவன் அவர்கள் கண்டறிந்த முறை அது. அதற்காக 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருதும் வழங்கப்பட்டது. அம்முறையில் பி.வி.சி. வகைப் பிளாஸ்டிக்கைச் சேர்க்கவே கூடாது. சூட்டில் அது ஹைட்ரஜன் குளோரைடு என்னும் நச்சு வாயுவை வெளிவிடும். குப்பையிலிருந்து பிளாஸ்டிக்கைப் பிரிக்கும் கைகளும், அதை ஜல்லியில் கொட்டும் கைகளும் பெரும்பாலும் நம் கைகளே ஆதலால், இதை நாம் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

தார் தெளிக்குமுன் பழைய சாலையைத் துடைப்பத்தால் பெருக்கும் வேலை பெண்களுக்கே ஒதுக்கப்படுகிறது. அத்தூசியில் கருங்கல்லின் நுண்துகள் உண்டு. ஆண்டுக்கணக்கில் அதைச் சுவாசித்தால் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் வரும். அதற்கு மாற்று மருந்து இல்லை. முந்தானையை மூக்கில் கட்டிக்கொள்வது இதற்குப் போதிய காப்பு ஆகாது. நீர் தெளித்துச் சற்று உலரவிட்டுப் பெருக்குதல், தூசி வடிக்கும் முகமூடி அணிதல், பெருக்கும் வேலையை ஒருவரே நாள் முழுதும் செய்யாமல் மாற்றி மாற்றிச் செய்தல் ஆகியவை தேவை.

வண்டியும் வெயிலும்

தார் வேலையில் உயிரிழப்போர் எல்லாரும் தாரால் இறப்பதில்லை. பின்னோக்கி வரும் டிப்பர் லாரியாலும், எட்டுப் பத்து டன் எடையுள்ள ரோலராலும், வேகமாக வரும் வெளி வண்டிகளாலும் இறப்போரும் உண்டு. டிப்பரின் பின்னால் நிற்பவரை ஓட்டுநர் கண்ணாடியில் காண இயலாது. ஆகவே பின்னோக்கி வரும்போது கைகாட்ட ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். அவர் ஒருவரே சைகை தர வேண்டும். டிப்பரின் தொட்டியை உயர்த்துமுன் மேலே மின்கம்பி செல்கிறதா என்று பார்க்க வேண்டும். நிழல் கிடைக்கிறது என்று லாரியின் அடியிலும், ரோலரின் அருகிலும் குழந்தைகளை உறங்க வைக்கும் வழக்கத்தை அடியோடு ஒழிக்க வேண்டும். தாய்மார்கள் விரும்பியா அவ்வாறு செய்கின்றனர்? வேறு நிழல் அமைத்துத் தரப்படாமையால் செய்கின்றனர். ஒரு தார்ப்பாய்ப் பந்தலுக்கு ஆகும் செலவு, அவ்வேலையின் மொத்தச் செலவில் எம்மாத்திரம்?

இரவு வேலையில் ஒளிரும் மேற்சட்டையும், வேலையிடத்துக்கு வெகுதூரம் முன்பே தொடங்கும் எச்சரிக்கைப் பலகையும், கூம்புகளும், விளக்கும், கொடி காட்டுபவரும் வேண்டும். சாலையில் வரும் வண்டி மோதிக் காயமுற்றோர்க்கு, 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ என்னும் தமிழக அரசின் திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. இதனை ஒவ்வொரு மேஸ்திரியும் அறிந்திருத்தல் நலம்.

இனி, வெயில். சித்திரை வைகாசியில் வானம் மேலிருந்து சுடும். புதிதாக விரித்த கலவை கீழிருந்து சுடும். உடலின் வெப்பம் 40 பாகையை எட்டினால் மூளை கலங்கும், பேச்சுக் குழறும், மயக்கம் வரும். அது வெப்ப வாதம் என்னும் உயிர்க்கொல்லி நிலை. ‘வெயிலில் கொஞ்சம் கிறங்கிவிட்டான்’ என்று சோடா வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகலாகாது. நிழலுக்குக் கொண்டுசென்று, உடை தளர்த்தி, உடல் முழுதும் நீர் ஊற்றி விசிறி, மருத்துவமனைக்கு விரைய வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. வேலை செய்யும்போது தாகம் எடுக்கும்வரை காத்திராமல், 20 நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு குவளை நீர் பருகுவது நன்று. உப்பிட்ட மோரும் நீராகாரமும் நம் முன்னோர் அறிந்த மருந்துகளே. கழிப்பிடம் இல்லை என்பதால் பெண்கள் நாள் முழுதும் நீர் அருந்தாமலே வேலை செய்கின்றனர். கழிப்பிடம் இல்லாமையும் உயிரைப் பறிக்கக்கூடிய குறையே என்பதை இதனால் உணரலாம். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதனால் இறப்போர் குடும்பத்துக்கு 4 இலட்சம் ரூபாய் நிவாரணம் பெற வழி உண்டு.

எது முதற் காப்பு?

பாதுகாப்பு என்றவுடன் கையுறையும் காலணியுமே நம் நினைவுக்கு வருகின்றன. காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு சூடான கலவைமேல் நடக்கும் நம் தாய்மார்களுக்குத் தடித்த தோற்காலணி உடனடித் தேவைதான். ஆயினும் அவை கடைசி அரண். முதல் அரண், ஆபத்தையே நீக்குவது. குளிர்நிலையில் தெளிக்கக்கூடிய எமல்ஷன் பயன்படும் இடத்தில் கொதிதார் எதற்கு? வெதுவெப்பக் கலவை என்னும் புதிய முறையில் ஏறத்தாழ 30 பாகை குறைந்த சூட்டிலேயே சாலை அமைக்க இயலும்; புகையும் குறையும். இரண்டாம் அரண், ஆபத்துக்கும் ஆளுக்கும் இடையே தடுப்பு வைப்பது. மூன்றாம் அரண், வேலையை ஒழுங்குபடுத்துவது. இவற்றையெல்லாம் செய்யாமல், கிழிந்த கையுறை ஒன்றைக் கொடுத்துவிட்டு, விபத்து நேர்ந்தபின் ‘அவன் கவனமாக இல்லை’ என்று தொழிலாளி மீதே பழி போடுவது நேர்மையன்று.

சட்டம் தரும் காப்பு

அண்ணல் அம்பேத்கர் அவர்கள் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக விளங்கினார். தொழிற்சாலைகளில் வாரத்துக்கு 48 மணி நேரம் என்னும் வரையறை 1946இல் சட்டமானது அப்பணிக்காலத்தின் பயனேயாகும். அரசியல் சட்டத்தின் சிற்பியாக மட்டும் அவரை அறிந்து, தொழிலாளர் சட்டங்களின் காவலராக அறியாதிருப்பது நமக்குக் குறையே.

விபத்துக்கு இழப்பீடு என்னும் உரிமை 1923ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. இன்று அது 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் அடங்கி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ளது. இறப்பு நேர்ந்தால், மாத ஊதியத்தின் பாதியை வயதுக்குரிய பெருக்கெண்ணால் பெருக்க வேண்டும். 30 வயதுக்குரிய பெருக்கெண் 207.98. மாத ஊதியம் 12,000 ரூபாய் என்றால், 6,000 × 207.98 = 12,47,880 ரூபாய். நிரந்தர முழு ஊனமானால் ஊதியத்தில் 60 விழுக்காட்டைக் கொண்டு கணக்கிட, 14,97,456 ரூபாய் ஆகும். அதே தொழிலாளியின் ஊதியம் பதிவேட்டில் 6,000 என்று எழுதப்பட்டிருந்தால், இறப்புக்கான தொகை 6,23,940 ரூபாயாகக் குறைந்துவிடும். பெயரே இல்லாவிட்டால், வேலை செய்ததையே மெய்ப்பிக்க வழக்காட வேண்டிவரும். எட்டாம் வகுப்பு மாணவர் போடக்கூடிய இக்கணக்கு, ஒரு குடும்பத்தின் வாழ்வையும் தாழ்வையும் தீர்மானிக்கிறது.

இழப்பீடு ஒப்பந்தக்காரரின் கருணையன்று, உரிமை. குடித்துவிட்டு வேலை செய்து காயமுற்றாலோ, பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே அகற்றினாலோ, அவ்வுரிமை பறிபோக இடமுண்டு என்பதையும் நம் இளைஞர்கள் உணர வேண்டும்.

அதே நாளில் நடைமுறைக்கு வந்த தொழிற் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், நியமனக் கடிதம் தர வேண்டும் என்கிறது. ஆனால் 50 பேருக்குக் குறைவான ஒப்பந்தத் தொழிலாளரை வைத்திருப்போரை அதன் ஒப்பந்தத் தொழிலாளர் பகுதி கட்டுப்படுத்துவதில்லை. முன்பிருந்த 1970ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவ்வெல்லை 20 பேராக இருந்தது. சிற்றூர்ச் சாலை போடும் குழுக்கள் பெரும்பாலும் சிறியவை. எனவே சட்டத்தின் கை எட்டாத இடத்தில் நம் விழிப்புணர்வே கைகொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1994இல் அமைக்கப்பட்ட கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில், 18 முதல் 60 வயதுக்குட்பட்ட சாலைத் தொழிலாளரும் பதிவு செய்துகொள்ளலாம். விபத்து உதவியும், பிள்ளைகளின் கல்வி உதவித்தொகையும் அதன்வழிக் கிடைக்கும். பதிவைப் புதுப்பிக்க மறந்தவர்க்கு அவை கிட்டா.

கற்றவர் கடமை

இளைஞர்களே! ‘நம் பிள்ளைகள் அத்தொழிலுக்கே போகாமல் படிக்க வைப்பதுதான் வழி, அத்தொழிலைத் திருத்துவானேன்?’ என்று நம்முள் சிலர் கேட்கின்றனர். பிள்ளைகள் விரும்பும் தொழிலுக்குச் செல்லவேண்டும் என்பதில் ஐயமில்லை; அதற்காகவே இச்சங்கம் பாடுபடுகிறது. ஆனால் நம் வீட்டுப் பிள்ளை விலகிய இடத்தில் இன்னொரு வீட்டுப் பிள்ளை வந்து நிற்கிறான். அவன் ஒடிசாவிலிருந்து வந்தவனாக இருந்தாலும், அவன் கையும் தாரில் வெந்தே போகும். தாம் மட்டும் கரையேறினால் போதும் என்று நினைப்பது, நம் முன்னோர் காட்டிய வழி அன்று. மேலும், சாலை போடுவது இழிதொழில் அன்று. ஊரை ஊரோடு இணைக்கும் தொழில் அது. அதைச் செய்வோரின் உயிரை மலிவாக எண்ணுவதே இழிவு.

எனவே இவ்வெள்ளி விழா ஆண்டில் இச்சங்கம் ஐந்து பணிகளை மேற்கொள்ளலாம் எனக் கருதுகிறோம்.

ஒன்று: நம் ஊரிலிருந்து சாலை வேலைக்குச் செல்வோர் அனைவரின் பெயரையும் நலவாரியத்தில் பதிவு செய்து, புதுப்பிக்கும் நாளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தல்.

இரண்டு: வாரம் ஒரு நாள் மாலையில், மஸ்டர் ரோலைப் படிக்கவும், தம் பெயரும் நாளும் கூலியும் சரியா எனப் பார்க்கவும், கையொப்பமிடவும் தொழிலாளர்க்குக் கற்பித்தல். தாமே நாட்குறிப்பில் வேலை நாளை எழுதிவரப் பழக்குதல். அக்குறிப்பு நாளை சான்றாக நிற்கும்.

மூன்று: தார்க் காயத்துக்கான முதலுதவியைப் பெரிய எழுத்தில் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதிய அட்டைகளை வேலையிடங்களுக்கு வழங்குதல்.

நான்கு: நம் செவிலியர்களையும் பொறியியல் பட்டதாரிகளையும் கொண்டு, கோடை தொடங்குமுன் ஒரு நாள் பயிற்சி நடத்துதல்.

ஐந்து: நம் ஊரில் சாலைப் பணி தொடங்கும்போது, நிழற்பந்தல், குடிநீர், கழிப்பிடம், காலணி, கொடி காட்டுபவர் ஆகியவை உள்ளனவா எனப் பார்த்து, இல்லையெனில் கிராம சபையில் எழுத்துமூலம் கேட்டல்.

இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. படித்தவர் நேரமும், படித்தவர் துணிவுமே முதலீடு. தனியொரு கூலித் தொழிலாளி கேட்டால் மறுநாள் வேலை போய்விடும். ஊரே கேட்டால் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

பட்டம் பெற்ற மகளும் மகனும் இன்று மேடையில் பரிசு பெறுகின்றனர். அவர்கள் நாளை காலை தம் தந்தையின் வேலையிடத்துக்குச் சென்று, அவர் பெயர் எழுதப்பட்ட பதிவேட்டை ஒருமுறை வாங்கிப் படிக்கட்டும். இச்சங்கம் கற்பித்த எழுத்துக்கு அதனினும் நல்ல பயன் வேறொன்று இல்லை.